பழந்துணியில் ஓர் அடுக்குப் போர்வை

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் நம் கிராமங்களில் தரை குளிர்ந்து கிடக்கிறது. சாணமிட்டு மெழுகிய மண் தரையில் ஒரு கோரைப்பாய் போதும் என்றிருந்த காலம் உண்டு. இன்றோ வீடுகளிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் சிமிட்டித் தரையும் பதிகல் தரையும் பெருகிவிட்டன. பெருக்கவும் கழுவவும் அவை நல்லவையே. ஆயினும், பகலுணவுக்குப் பின் அத்தரையில் கண்ணயரும் குழந்தைக்கும், இரவில் கூடத்தில் படுக்கும் முதியவருக்கும் வெறும் பாய் போதுவதில்லை.

அதே கிராமத்தில், உடுத்த முடியாத நிலையை அடைந்த பருத்திச் சேலையும் வேட்டியும் இல்லாத வீடு இல்லை. தையற்கடையின் மூலையில் வெட்டுத் துண்டுகள் சாக்கில் நிறைந்து கிடக்கின்றன. இவற்றில் ஒரு பகுதி கரித்துணியாகிறது. மிகுதி குப்பைமேட்டுக்கோ நெருப்புக்கோ போகிறது. தேவையும் பொருளும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க வேண்டியது பழகிய கை ஒன்றே. ஊசி பிடித்து அறியாத ஒருவரும் அக்கைப்பழக்கத்தை எவ்வாறு பெறலாம் என்பதையும், அதற்குப் பஞ்சாயத்து எவ்வகையில் துணை நிற்கலாம் என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

அடுக்குப் போர்வை என்பது யாது?

மேலே ஒரு துணி, நடுவே ஒன்றோ இரண்டோ பழந்துணிகள், அடியில் ஒரு துணி. இவை யாவற்றையும் ஊடுருவி நெருக்கமாக ஓடும் தையல். இவ்வளவே அதன் அமைப்பு. மேல்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம். சிறு துண்டுகளை இணைத்துச் செய்ததாகவும் இருக்கலாம். பெயர் எதுவாயினும், இக்கட்டுரையில் இதனை அடுக்குப் போர்வை என்றே குறிப்பிடுவோம்.

ஒரு தடித்த துணியைவிட, அதே எடையுள்ள பல மெல்லிய துணிகள் அதிக வெதுவெதுப்பைத் தருவதற்குக் காரணம் உண்டு. அடுக்குகளுக்கு இடையே காற்று அசையாமல் தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே உடலின் சூடு தரைக்கு இறங்குவதும், தரையின் குளிர் உடலுக்கு ஏறுவதும் குறைகின்றன. அடுக்குகள் நழுவாமலும் சுருளாமலும் இருக்கும் வரையில்தான் இப்பயன் கிட்டும். அவற்றை நழுவாமல் காப்பது தையல். எனவே இப்போர்வையின் உயிர் மேற்புறத்து வண்ணத்தில் இல்லை. ஊடுருவிய தையலில் இருக்கிறது. புதிதாகப் பழகுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

நம் நாட்டில் வேரூன்றிய கலை

இக்கைத்தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நாம் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதனோடு உறவுடையது. அங்கே சேலைக் கரையிலிருந்து நூலை உருவி, அந்நூலைக் கொண்டே தைக்கும் வழக்கமும் இருந்தது.

பிஹார் மாநிலத்தில் முஜப்பர்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் சுஜனி என்னும் போர்வையைத் தைக்கின்றனர். பிறந்த குழந்தைக்காகப் பழைய சேலைகளில் தைத்து வந்த போர்வை அது. மங்கிவந்த அக்கலை 1988-ஆம் ஆண்டில் பூசுரா கிராமத்தில் மகளிர் முயற்சியால் மீண்டும் தழைத்தது. அம்முயற்சியில் முன்னின்ற நிர்மலா தேவி 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில், வட கன்னட மாவட்டத்து வனப்பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் துண்டுத் துணிகளாலான போர்வைகளுக்குப் பெயர் பெற்றவர்கள். கைக்குக் கிடைத்த துண்டுகளை அடித்துணியின் மேல் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். மூலையில் தொடங்கி நடுவில் முடிப்பார்கள். அளவுகோலும் அச்சும் இன்றிக் கண்ணளவையே நம்பிச் செய்யும் வேலை அது. ஆனால் அது பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. தொடக்கத்தில் உள்ளவர்கள் அளந்து வெட்டும் முறையைக் கைக்கொள்வதே நலம்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்தித் துணியே ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும், ஊசிக்கு இணங்கும், கொதிநீரில் துவைக்கவும் இடங்கொடுக்கும். துணி பருத்தியா என்பதில் ஐயம் ஏற்பட்டால் ஓர் இழையை உருவி, வீட்டுக்கு வெளியே நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். பருத்தி இழை காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழையோ உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். குழந்தைகள் படுக்கும் விரிப்பில் செயற்கை இழைத் துணியை அறவே தவிர்க்க வேண்டும்.

பழந்துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இழை விலகி வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரியும் இடங்களை ஒதுக்கிவிட வேண்டும். சேலையின் நடுப்பகுதி நைந்திருந்தாலும் தலைப்பும் கரையோரமும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். இரு கட்டை விரல்களால் துணியை இழுத்துப் பார்த்து, கிழியாத பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திருப்பூர்ப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் பனியன் துண்டுகள் இழுத்த இழுப்புக்கு நீளும் இயல்புடையவை. பழகிய கைகளுக்கு அவை பயன்படலாம், முதற்போர்வைக்கு வேண்டாம்.

எல்லாத் துணிகளையும் வெட்டுமுன் துவைத்து உலர்த்துவது கட்டாயம். புதுத் துண்டும் பழந்துணியும் சேரும்போது, புதியது முதல் துவைப்பில் சுருங்கும்; பழையது சுருங்காது. அதனால் போர்வை முழுதும் கோணிப்போகும். சிவப்பு, கருநீலம் ஆகிய நிறங்களை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டாதவற்றையே கொள்ள வேண்டும்.

நடு அடுக்குக்கு இலவம் பஞ்சை இடலாமா எனக் கேட்போர் உண்டு. இலவம் பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது. உறைக்குள் அடைத்த தலையணைக்கும் மெத்தைக்கும் அது தகும். அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வையில் அது ஒருபுறம் ஒதுங்கிக் கட்டியாகிவிடும். பருத்திப் பஞ்சும் மிக நெருக்கமான தையல் இன்றேல் நகரும். ஆகவே தொடக்கத்தில் பழைய வேட்டியே சிறந்த உள்ளடுக்கு.

முதலில் ஓர் அடிச் சதுரம்

புதிதாகத் தொடங்குவோரில் பலர் கட்டிலளவுப் போர்வையை எண்ணி இறங்குகிறார்கள். கால் பங்கு முடியுமுன் கை சலிக்கிறது. மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். முடியாத போர்வை எவருடைய குளிரையும் போக்குவதில்லை. ஆகவே முதல் வேலை ஓர் அடிச் சதுரமாக இருக்கட்டும். 7 அங்குலச் சதுரங்கள் நான்கினை அரை அங்குல ஓரம் விட்டு இணைத்தால் 12 அங்குலச் சதுரம் ஒன்று அமையும். பின்வரும் எல்லாப் படிகளையும் அதில் ஒருமுறை பழகலாம். முடிந்த துண்டு, சூடான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் பிடிதுணியாக உதவும். தையல் கோணியிருந்தாலும் அடுப்பங்கரையில் அதற்கு மதிப்புக் குறையாது.

வேண்டிய கருவிகள் சிலவே: கூரிய கத்தரி, அங்குல நாடா, தடித்த அட்டை, தையற்காரர் பயன்படுத்தும் சாக்குக்கட்டி, நடுத்தர ஊசிகள், கெட்டியான பருத்தி நூல். பல அடுக்குகளை ஊடுருவ ஊசியைத் தள்ளும் விரல் புண்படும். அதற்குத் தையற்காரர்கள் அங்குஸ்தான் என்று சொல்லும் விரலுறையை அணிந்துகொள்ள வேண்டும்.

குழந்தை விரிப்பு: அளவும் முறையும்

பிடிதுணி கைவந்தபின், 3 அடி அகலமும் 4 அடி நீளமும் உள்ள குழந்தை விரிப்பைத் தொடங்கலாம். அகலத்தில் 6, நீளத்தில் 8 என 48 சதுரங்கள் தேவைப்படும். 45 அங்குல அகலமுள்ள துணியாயின் வரிசைக்கு 6 சதுரம் கிடைக்கும். ஒன்றரைக் கெஜத்துக்குச் சற்று மேற்பட்ட நீளம் போதும். ஆனால் ஒரே துணியில் வெட்ட வேண்டிய அவசியமில்லை. துண்டுத் துணிகளுக்குப் பயன் தேடுவதே நம் நோக்கம்.

வெட்டுதல்: அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டி, அதனையே அச்சாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்தால் நூலளவுப் பிழைகள் சேர்ந்து கடைசியில் ஓர் அங்குலமாகும். சதுரத்தின் பக்கங்கள் துணியின் ஊடும் பாவும் ஓடும் திசையிலேயே அமைய வேண்டும். குறுக்காக வெட்டிய துண்டு இழுத்தால் நீளும். சதுரம் சதுரமாக நில்லாது.

இணைத்தல்: துண்டுகளைத் தரையில் பரப்பி, வெளிர் நிறமும் அடர் நிறமும் அடுத்தடுத்து வருமாறு அமைத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை உள்முகமாக வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுச் சிறு தையலாக ஓட்ட வேண்டும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்வாங்கி அதே இடத்தில் ஒரு தையல் போட்டால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் இணைப்பு முழுதும் பிரியாது. முதலில் வரிசைகளைத் தனித்தனியே முடித்துப் பின்பு வரிசையோடு வரிசையை இணைக்க வேண்டும். ஒரு வரிசையின் உள்மடிப்புகளை வலப்புறமாகவும், அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்புறமாகவும் சாய்த்துத் தேய்த்துவிட்டால், மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். ஓரிடத்தில் திரண்டு தடிக்காது.

அடுக்குதல்: நான்கு முழ வேட்டியின் நீளம் 72 அங்குலம். அதை நடுவில் வெட்டினால் உள்ளடுக்குக்கு வேண்டிய இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. அடித்துணியை மேல்துணியைவிட எப்புறமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கம் நீவி, அதன்மேல் வேட்டித் துண்டுகளையும், கடைசியாக மேல்துணியையும் பரப்ப வேண்டும். பிறகு நீண்ட தையலால் தற்காலிக நூலோட்டம் போட வேண்டும். இந்நூலோட்டத்தை நடுவில் தொடங்கி, ஓரங்களை நோக்கிச் சாணுக்கு ஒரு வரியாகக் கொண்டு போவது முக்கியம். ஓரத்தில் தொடங்கினால் தளர்ச்சி முழுதும் நடுவில் சேர்ந்து வீங்கி நிற்கும். அதைப் பின்னர் எத்தையலாலும் அமர்த்த முடியாது.

ஊடுருவத் தைத்தல்: சாக்குக்கட்டியால் 2 அங்குலத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் கோடுகள் இட்டுக்கொண்டு, இதற்கும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். நூல் ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம் போதும். அடிக்கடி ஊசி கோப்பதற்குச் சோம்பி நீள நூல் எடுத்தால் அது முறுக்கிச் சிக்கும். துணியைக் கடந்து கடந்து தேய்ந்தும் போகும். முடிச்சை அடுக்குகளின் நடுவே இழுத்து மறைத்துவிட வேண்டும். ஊசி அடித்துணியைத் தொட்டுத் திரும்புகிறதா என்பதை அடியில் வைத்த கையின் விரல்நுனி சொல்லும். அங்குலத்துக்கு 4 தையல் என்பது தொடங்குவோருக்குப் போதுமான நெருக்கம். மிகச் சிறிய தையலைவிட ஒரே சீரான தையலே உறுதி தரும்.

இவ்விரிப்பில் 17 கோடுகள் அமையும். ஒவ்வொன்றும் 48 அங்குலமாக, மொத்தம் 68 அடித் தையல். ஏறத்தாழ 3,264 தையல்கள். இக்கணக்கை அச்சுறுத்துவதற்காகக் கூறவில்லை. நாளுக்கு ஒரு கோடு தைத்தாலும் மூன்று வாரத்துக்குள் முடியும் என்பதையே இது காட்டுகிறது.

ஓரம் மடித்தல்: கூடுதலாக விட்ட அடித்துணியை ஓர் அங்குலம் உள்ளே மடித்து, மறுபடியும் மேல்துணியின் மீது மடித்து, நெருங்கிய தையலால் அமர்த்த வேண்டும். ஓரமே முதலில் தேயும் இடமாதலின் இங்கே அவசரம் கூடாது. பின்னர் தற்காலிக நூலை உருவிவிட்டு, விரிப்பை ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தினால், தையல் துணிக்குள் அமர்ந்து மேற்பரப்பு மெத்தென்று நிற்கும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இக்கலையைத் தனியே அமர்ந்து கற்பதைவிடப் பத்துப்பேர் கூடிக் கற்பது எளிது. அடுக்குகளைப் பரப்ப அகன்ற தரையும், நான்கு மூலைகளையும் பிடிக்க நான்கு கைகளும் வேண்டும். கிராம சேவை மையக் கட்டடமோ சமுதாயக் கூடமோ பிற்பகலில் காலியாக இருக்குமாயின், அதனை வாரத்தில் இரண்டு நாள் மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் திறந்துவிடலாம். நல்ல வெளிச்சம், துடைத்த தரை, துணி வைக்க எலி புகாத ஒரு பெட்டி ஆகியவையே முதல் தேவைகள். ஊர்த் தையற்காரர்களிடம் வெட்டுத் துண்டுகளை ஒதுக்கி வைக்குமாறு அங்கத்தினர்கள் கேட்டுக்கொள்ளலாம். ஊரில் கைத்தையல் அறிந்த மூதாட்டி ஒருவர் இருப்பின் அவரையே ஆசிரியராக அழைப்பது சிறப்பு.

முதல் இலக்காக அங்கன்வாடிக் குழந்தைகளின் விரிப்புகளைக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. 20 குழந்தைகள் உள்ள மையத்துக்கு 10 பெண்கள் ஆளுக்கு இரண்டு விரிப்புகள் தைத்தால் போதும். ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்துத் தொடங்கினால், நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபையில் விரிப்புகளை ஒப்படைக்கலாம். இடையே 11 வாரங்கள் உள்ளன. மழைக்கால ஈரம் தரையில் ஏறும் தறுவாயில் அவை குழந்தைகளுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு விரிப்பிலும் ஓர் அடையாளத்தைத் தைத்து, ஒரு குழந்தைக்கு ஒன்று என ஒதுக்கி, வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் இடும் ஏற்பாட்டையும் அப்போதே செய்துவிட வேண்டும். துவைக்காத விரிப்பு நோயைப் பரப்பும் என்பதை மறத்தலாகாது.

வருமானம் பற்றி

எந்தக் கைத்தொழிலைப் பற்றிப் பேசினாலும், ‘இதில் என்ன வரும்படி?’ என்னும் கேள்வி எழுவது இயல்பே. நேர்மையான கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியது நம் கடமை. பேச்சுக்கு, ஒரு விரிப்புக்கு 40 மணி நேரம் செல்கிறது என்றும், அது 400 ரூபாய்க்கு விலைபோகிறது என்றும் வைத்துக்கொள்வோம். துணி இலவசமாகக் கிடைத்தாலும் மணிக்குக் கிடைப்பது 10 ரூபாயே. வயற்கூலியோடு ஒப்பிட்டால் இது கூலியாகாது. பெண்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும் நேரந்தானே என்று சொல்லி அவ்வுழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமன்று. ஆகவே தொடக்கத்திலிருந்தே ஒவ்வொருவரும் தைத்த நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். விலை பேசும் நாளில் அக்குறிப்பேடே அவர்கள் சார்பில் பேசும். அங்கன்வாடிக்கான விரிப்புகளுக்கும், விதிகள் இடந்தருமளவுக்குக் கூலி வழங்க வழியுண்டா எனப் பஞ்சாயத்து ஆராய வேண்டும்.

கூடித் தொழில் செய்து விற்பனையில் இறங்கியோருக்கு அயல்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1966-ஆம் ஆண்டில், கறுப்பினத்தைச் சேர்ந்த ஏழை உழவர் குடும்பப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தினர். அவர்கள் தைத்த போர்வைகள் பெருநகரக் கடைகளில் விலைபோயின. ஆயினும் போர்வையை மட்டும் நம்பி அவ்வமைப்பு நிற்கவில்லை; பெரிய வணிக நிறுவனம் ஒன்றுக்குத் தலையணை உறை தைத்தளிக்கும் ஒப்பந்தமே 1970-களில் அவர்களுக்கு நிலையான வேலையைத் தந்தது. அளவு பிறழாமலும் தையல் தரம் குறையாமலும், சொன்ன நாளில் கொடுக்கும் ஒழுங்கு இருந்தால்தான் வெளியூர் வாங்குபவர் இரண்டாம் முறை வருவார் என்பது இத்தொழிலின் பொது விதி.

நம் மாநிலத்தில் சுய உதவிக் குழுக்களின் பொருள்களை விற்பதற்கு ‘மதி’ என்னும் பெயரில் நிலையங்கள் உள்ளன. ஆனால் அங்கே செல்லுமுன், ஒவ்வொரு பெண்ணும் குறைந்தது இரண்டு விரிப்புகளையேனும் முடித்து, அவை பலமுறை துவைத்தபின்னும் பிரியாமல் இருப்பதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். வீட்டிலும் அங்கன்வாடியிலும் உழைத்துக் காட்டிய போர்வையே சந்தையிலும் நிற்கும். கைப்பழக்கம் வருமுன் வருமானத்தை வாக்களித்துத் தொடங்கும் வேலை, முதல் சரக்கு திரும்பி வந்த அன்றே முடிந்துபோகும். அதன்பின் அவ்வூரில் வேறு எம்முயற்சிக்கும் பெண்களை அழைப்பது அரிதாகும்.

ஆகவே வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் பிடிதுணி, அடுத்துக் குழந்தை விரிப்பு, பின்னர் வீட்டு முதியவருக்கு ஒரு போர்வை, அதற்குப் பின்னரே விற்பனை. இந்நான்கு படிகளில் முதல் மூன்றோடு ஒருவர் நின்றுவிட்டாலும் அவ்வூருக்கு இழப்பொன்றும் இல்லை. இவ்வாண்டு மழைக்கு முன் தம் ஊர் அங்கன்வாடியில் எத்தனை குழந்தைகள் வெறுந்தரையில் உறங்குகின்றனர் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு பகற்பொழுது நேரில் சென்று எண்ணிப் பார்க்கக் கோருகிறோம். தைக்க வேண்டிய விரிப்புகளின் எண்ணிக்கை அதுவே.